எங்க வீட்டு டபுள் விசில்

எங்க வீட்டுல குக்கர் வெக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கிட்டத்தட்ட ஒரு வருஷம். பருப்பைச் சட்டியில போட்டு மணிக்கணக்கா வேக வெச்சு, கரண்டியால கடைஞ்சு கடைஞ்சு என் தோள்பட்டை கழண்டு போச்சு. கேக்கிறவங்க சிரிப்பாங்க. காரணத்தைச் சொன்னா, நீங்களா இருந்தாலும் குக்கரைப் பரண்ல தூக்கிப் போட்டிருப்பீங்க.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பூந்தமல்லியிலிருந்து கிளம்புற அரசாங்க பஸ்ஸை இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டினவரு. மதுரவாயல் பைபாஸ் நெரிசல்ல, ஐப்பசி மழையில ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாத நேரத்துல, ஒரு கீறல் இல்லாம வண்டியைக் கொண்டாந்து நிறுத்தின மனுஷன். அப்பேர்ப்பட்டவரு ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அண்ணனூர் வீட்டு மொட்டைமாடியில தண்ணி டேங்க் கழுவ ஏணியில ஏறி, சறுக்கி விழுந்தாரு. ஏணின்னா பெரிய ஏணின்னு நினைச்சுடாதீங்க. என் இடுப்பு உயரம். ஆனா விழுந்த இடத்துல தலைக்கு நேரா கைப்பிடிச் சுவர் இருந்துச்சு.

தலைக்குள்ள ரத்தம் கட்டிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னாங்க. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு ஞாபகத்துக்கு வந்த எல்லா சாமிக்கும் அவருக்கு மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டி முடிக்கிறதுக்குள்ள ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியிலேயே மொட்டை அடிச்சுட்டாங்க. அந்த மொட்டை எந்தச் சாமி கணக்குல சேர்ந்துச்சோ, இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. யாரோ ஒரு சாமி எடுத்துக்கிச்சு, ஏன்னா ஆளு பொழைச்சுட்டாரு.

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். கை அசையுது, கால் நடக்குது, பேர் கேட்டா சொல்றாரு. எங்க பொண்ணு அம்பத்தூர் எஸ்டேட்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கிறா, அவளைப் பாத்ததும் கண்ணுல தண்ணி விடுறாரு. அப்புறம் என்னம்மா குறைன்னு கேப்பீங்க. எதையும் அவரா ஆரம்பிக்க மாட்டாரு. அதான் குறை. பல் விளக்குங்கன்னா, "வெளக்கறேன்"ம்பாரு. பிரஷ் கையில இருக்கும், பேஸ்ட்டு காஞ்சு போயிருக்கும், அவரு அப்படியே நிப்பாரு. சாப்பிடுங்கன்னா, "சாப்புடறேன்"ம்பாரு. சாம்பாரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கொசு கடிச்சா அதைக்கூட நான்தான் அடிக்கணும். டாக்டர் பொறுமையா விளக்கிச் சொன்னாரு. மூளையோட முன்பக்கத்துல அடி பட்டிருக்கு, ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிறது அந்த இடந்தான், இவருக்கு வண்டி நல்லா இருக்கு, ஸ்டார்ட் ஆகத்தான் மாட்டேங்குது. திரும்ப வருமான்னு கேட்டேன். வரலாம், மெதுவா வரும், முழுசா வராமலும் இருக்கலாம்னாரு.

நான் கோவக்காரி. மறைச்சு என்ன ஆகப்போகுது, தெருவுக்கே தெரியும். முதல் மாசம் பொறுமையா இருந்தேன். ரெண்டாவது மாசம் கத்தினேன். நீங்க சாப்பிடுறீங்களா இல்ல நான் இந்தத் தட்டைத் தூக்கி சுவத்துல அடிக்கட்டுமான்னு கத்தினா, அதுக்கும் "அடி"ன்னு அமைதியா சொல்லிட்டு உக்காந்திருப்பாரு. அப்புறம் நான் சமையல்கட்டுல போய் அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு வந்து ஊட்டி விடுவேன். இந்த மனுஷன் உள்ளே இருக்காரா, வெளியே போயிட்டாரா, அதுதான் எனக்குத் தெரியணும். இவரா நினைச்சு இவரா ஒண்ணு செய்யணும். ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிச்சாக்கூடப் போதும்.

அப்போதான் ஒரு நாள் அவரோட கண்டக்டர் வந்தாரு. ரெண்டு பேரும் பல வருஷம் ஒரே வண்டி. ஆவடிக்காரரு, வாய் ஓயாது, என்னை அண்ணின்னும் அவரை அண்ணாத்தேன்னும் கூப்பிடுவாரு. டூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோட வந்து எதிர்ல உக்காந்து, பழைய கதை எல்லாம் எடுத்து விட்டாரு. அண்ணாத்தே, அந்தக் கெழவி கூடையோட ஒரு காலை மட்டும் படியில வெச்சுக்கினு நின்னாளே, வண்டியை எடுன்னு நான் டபுள் விசில் குடுத்தும் நீ எடுக்கலையே, வண்டியில இருந்தவன் எல்லாம் என்னத் திட்டினானேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான் விசில் குடுத்தா மட்டும் போதாது அண்ணி, கண்ணாடியில படிக்கட்டைப் பாத்துட்டுத்தான் இவரு காலை எடுப்பாருன்னாரு. என் வீட்டுக்காரர் முகத்துல ஒரு சலனமும் இல்ல. எதிர்ல தோசை ஆறிக்கிட்டு இருக்கு.

மூஞ்சைத் துடைச்சுக்கப் பாக்கெட்டுல கர்ச்சீப் எடுக்கப் போன கண்டக்டர், கையில வந்த விசிலை எடுத்து, என்ன நினைச்சாரோ, வாயில வெச்சு ரெண்டு ஊது ஊதினாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் வீட்டுக்காரரோட இடது கை கீழே போய், இல்லாத கியரைப் போட்டுச்சு. அப்புறம் அதே வேகத்துல வலது கை தட்டுக்குப் போச்சு. தோசையைப் பிச்சாரு, சட்னியில தொட்டாரு, வாயில வெச்சாரு. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம பாத்துக்கிட்டு இருக்கோம். அவரு மூணு தோசையையும் முடிச்சுட்டு, காலித் தட்டையும் பிச்சுக்கிட்டு இருந்தாரு. நிறுத்தணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. கண்டக்டர்தான் சுதாரிச்சுக்கிட்டு ஒத்தை விசில் குடுத்தாரு. கை நின்னுச்சு.

நான் அன்னைக்குக் குதிச்ச குதியைப் பாத்து கீழ் வீட்டுல விளக்குமாத்துக் கட்டையால மேல தட்டினாங்க.

வாரத்துக்கு ரெண்டு தடவை வர்ற பிசியோதெரபி பொண்ணுகிட்ட பயந்துக்கிட்டே சொன்னேன். அவ திட்டல. பழகின சத்தம் சில பேருக்கு நல்லா வேலை செய்யும், நானே கை தட்டி முயற்சி பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன், விசிலையே வெச்சுக்கலாம், ஆனா நாள் போகப் போகக் குறைக்கணும்னா. கண்டக்டர் எனக்கும் ஒரு விசில் குடுத்தாரு, அன்னையிலிருந்து எங்க வீட்டுல எல்லாத்துக்கும் விசில். டபுள் குடுத்தா எழுந்திருப்பாரு, இன்னொரு டபுளுக்குக் குளிக்கப் போவாரு, ஒத்தை குடுத்தா தண்ணி ஊத்திக்கிறதை நிறுத்துவாரு. ஒரு தடவை அந்த ஒத்தையை நான் மறந்துட்டேன். டேங்க் காலியாகி, கீழ் வீட்டுக்காரங்க சோப்பு நுரையோட வந்து கதவைத் தட்டினாங்க. அதே டேங்க்தான், எந்தக் காலத்துலயும் எங்களுக்கு ராசியில்லாத டேங்க்.

குக்கர் விஷயத்துக்கு வர்றேன். ஒரு காலையில அரிசியை வெச்சுட்டு நான் துணி காயப் போடப் போயிட்டேன். குக்கர் ஒரு விசில் குடுத்திருக்கு, கொஞ்ச நேரத்துல இன்னொண்ணும் சேந்தாப்ல குடுத்திருக்கு. நான் திரும்பி வந்தா நாற்காலி காலி, வாசக்கதவு திறந்து கிடக்கு. ஈரப் புடவையைக் கையில பிடிச்சுக்கிட்டே ஓடினேன். மனுஷன் ரயில்வே கேட் பக்கம் லுங்கியோட கம்பீரமா, ரோட்டோட இடது ஓரமா நடந்துக்கிட்டு இருக்காரு. விசில் வீட்டுல இருக்கு. பின்னாடியே ஓடிப் போய், வாயாலேயே ஒத்தை விசில் அடிச்சேன். கல்யாணமான புதுசுல என்கிட்ட யாராவது நீ நடுரோட்டுல ஒரு ஆம்பளையைப் பாத்து விசில் அடிப்பேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா? டீக்கடையில இருந்த எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவரு மட்டும் பிரேக் போட்ட மாதிரி நின்னாரு. அன்னைக்கே குக்கர் பரண் ஏறிடுச்சு.

இப்படி நாங்க சிரிச்சும் கத்தியும் வண்டியை ஓட்டிக்கிட்டு இருக்கையில, பொண்ணு ஒரு நாள் வந்து உக்காந்தா. கூட வேலை பாக்கிற பையன், ரொம்ப நாளா பழக்கம், அவங்க வீட்டுல நிச்சயம் பண்ண வரணும்னு சொல்றாங்க. பையனோட அப்பா அம்மா விருதுநகர் பக்கம், இப்போ வானகரத்துல ஃபிளாட் வாங்கி இருக்காங்க. எனக்குத் தலைகால் புரியல. உடனே நாள் குறிங்கன்னேன். அவ வேணாம்னா. அப்பா சரியாகட்டும்னா.

அப்பா எப்போ சரியாவாருன்னு டாக்டருக்கே தெரியல, உனக்கு மட்டும் தெரியுமாடின்னு கேட்டேன். அவளும் என் வயித்துல பொறந்தவதானே, கோவம் எங்கே போகும்.

"அப்பா தானா தட்டைத் தூக்கிக் குடுக்கணும்மா. நீ விசில் ஊதி அவரு குடுத்தா, அது நீ பண்ற கல்யாணம். அவர் பண்றதில்ல."

எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. விடுவேனா.

"உங்கப்பா இத்தனை வருஷம் விசிலுக்குத்தான்டி வண்டி எடுத்தாரு. அதுக்காக வண்டியை அவரு ஓட்டலைன்னு ஆயிடுமா?"

அவ எழுந்து உள்ளே போயிட்டா. சம்மதிச்சான்னு நான் எடுத்துக்கிட்டேன். அவ சம்மதிக்கல, வாயைத்தான் மூடிக்கிட்டா. நிச்சயத்தன்னிக்குக் காலையில புடவை கட்டிக்கிட்டே சொன்னா, தட்டு மாத்துற வரைக்கும் நான் ரூமை விட்டு வரமாட்டேன், அதைப் பாக்க என்னால முடியாதுன்னு. நல்ல நேரம் போகுது, எதையாவது பேசாதேன்னு பூவை அவ மடியில போட்டுட்டு வந்துட்டேன்.

எங்க ஏற்பாட்டைக் கேளுங்க. சம்பந்தி வீட்டுல அவருக்குத் தலையில ஆபரேஷன் ஆனது தெரியும். விசில் தெரியாது. பையனுக்கு மட்டும் தெரியும். நான் சம்பந்தியம்மாகிட்ட போன்லயே, அவரு அதிகம் பேசாத ஆளு, அமைதியான டைப்புன்னு சொல்லி வெச்சிருந்தேன். வந்தவங்க முன்னாடி ஊத முடியாதே, அதனால கண்டக்டர் வெளிப் படிக்கட்டுத் திருப்பத்துல, கூடத்து ஜன்னலை ஒட்டி நின்னு ஊதணும், யாராவது கேட்டா தெருவுல டிராஃபிக் போலீஸ் நிக்கிறாருன்னு நான் சொல்லணும். எங்க தெருவுல ரெண்டு சைக்கிள் எதிரெதிர வந்தா ஒண்ணு திரும்பிப் போகணும். அந்தத் தெருவுக்கு டிராஃபிக் போலீஸ்.

அவங்க வந்தாங்க. ஜமுக்காளத்துல உக்காந்தாங்க. ஜன்னலுக்கு வெளியே டபுள் கேட்டுச்சு, என் வீட்டுக்காரர் அழகா கை கூப்பினாரு. "வாங்க"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல. காபி வந்துச்சு. டபுள். குடிச்சாரு. ஒத்தை. டம்ளரைக் கீழே வெச்சாரு. கண்டக்டருக்கு ஆர்வம் மிஞ்சிப் போய், கேசரிக்கு ஒரு டபுள், மிக்சருக்கு ஒரு டபுள்னு டூட்டி பாக்க ஆரம்பிச்சுட்டாரு. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தோள் குலுங்கக் குலுங்க உக்காந்திருக்கான். சம்பந்தியம்மா மெல்ல எழுந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. நல்லவேளை, கண்டக்டர் சடார்னு குனிஞ்சுட்டாரு. கீழே தெருவுல ஒரு மாடு மட்டும் நின்னுச்சு.

"உங்க தெருவுல போலீஸ் ரொம்ப நல்லா வேலை பாக்காங்க மதினி"ன்னு சொல்லிட்டு அவங்க திரும்ப வந்து உக்காந்தாங்க. அவங்க முகத்துல இருந்தது நம்பிக்கையா நையாண்டியான்னு எனக்குப் புரியவே இல்ல.

தட்டு மாத்துற நேரம் வந்துச்சு. வெத்தலை பாக்கு, தேங்காய், பழம், பூ எல்லாம் வெச்ச தட்டை என் வீட்டுக்காரர் கையில குடுத்து பக்கத்துல உக்காந்தேன். எதிர்ல சம்பந்தி அவங்க தட்டோட தயாரா இருக்காரு. மாத்திக்கலாமான்னு கேட்டாரு. ஜன்னல்ல டபுள் வந்துச்சு.

அவரு அசையல.

கேக்கலையோன்னு நினைச்சேன். மறுபடியும் டபுள். தட்டைக் கெட்டியாப் பிடிச்சிருக்காரு, கை மட்டும் நகரல. சம்பந்தியோட கை நீட்டினபடியே நிக்குது. ஊதுறது உரக்கக் கேட்டுச்சு, ஜன்னல் கம்பிக்கு நடுவுல கண்டக்டரோட மூஞ்சே வந்துடுச்சு, கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு பிதுங்கி. சம்பந்தியம்மா அவரைப் பாத்துட்டாங்க. போலீஸ் கதை அதோட முடிஞ்சுது. இத்தனை மாசமா ஒரு தடவைகூட ஏமாத்தாத விசில். இதுவும் போச்சுன்னா இனிமே என்கிட்ட என்ன இருக்கு? பொண்ணு சொன்னதைக் கேட்டிருக்கலாமோன்னு கூட நினைக்க நேரமில்ல. மானம் போனா போகட்டும்னு இடுப்புல சொருகி வெச்சிருந்த என்னோட விசிலை எடுத்து, பட்டுப் புடவையும் மல்லிப்பூவுமா, சம்பந்திங்க முன்னாடி, அவரு காதுகிட்டயே டபுள் ஊதினேன். கூடம் முழுக்க எதிரொலிச்சுது.

அவரு திரும்பிக்கூடப் பாக்கல. நேரா பாத்துக்கிட்டே சொன்னாரு.

"புள்ள இன்னும் ஏறல."

சம்பந்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டாரு. எனக்கும் புரியல. அவரு கண்ணு போற திசையில பாத்தேன். எதிர் ரூம் கதவு பாதி திறந்திருக்கு. உள்ளே பீரோ. தலை சீவிக்கப் பழகட்டும்னு பிசியோ பொண்ணு வர்றப்பல்லாம் அவரை எந்த பீரோ முன்னாடி நிக்க வெப்பாளோ, அதே பீரோ. அதோட கண்ணாடியில, கட்டில் ஓரத்துல தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கிற எங்க பொண்ணு தெரியறா. மடியில நான் போட்ட பூ அப்படியே இருக்கு, வெக்கவே இல்ல.

ஜன்னல்ல கண்டக்டர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தேம்ப ஆரம்பிச்சுட்டாரு. அண்ணாத்தே கண்ணாடி பாக்குறாரு அண்ணி, கண்ணாடி பாக்குறாருன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சுது. விசில் கேக்காம இல்ல. கேட்டுச்சு. கேட்டும் எடுக்கல. எடுக்கக் கூடாதுன்னு இவரா முடிவு பண்ணியிருக்காரு. யாரும் ஊதல, யாரும் சொல்லல, யாரும் கேக்கல, இவரா பாத்து இவரா சொன்ன பேச்சு அது. அடிபட்ட நாள்லேர்ந்து நான் ஒரு டம்ளர் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். இவரு என்னடான்னா வண்டியையே நிறுத்தி வெச்சுட்டாரு.

பொண்ணுக்கும் கேட்டிருக்கு. பூவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தா, கண்ணு மை எல்லாம் கன்னத்துல. எனக்கும் அவருக்கும் நடுவுல இடிச்சுக்கிட்டு உக்காந்து அவரு தோள்ல சாஞ்சா. அவரு இன்னொரு தடவை கண்ணாடியைப் பாத்தாரு. கட்டில் காலி. பக்கத்துல பொண்ணைப் பாத்தாரு. விசில் என் வாயிலேயேதான் இருக்கு, நான் ஊதல, ஜன்னல்லயும் யாரும் ஊதல. இடது கை தட்டிலிருந்து ஒரு நிமிஷம் இறங்கி, அந்த இல்லாத கியரைப் போட்டுச்சு. அப்புறம் தட்டைத் தூக்கி சம்பந்தி கையில குடுத்தாரு. அவங்க தட்டையும் ஆடாம அசையாம வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாரு.

"இன்னாத்துக்கு இத்தினி தபா ஊதறே? ஆளு ஏற வாணாமா?"

எல்லார் முன்னாடியும் திட்டு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து, அப்படியே ஜமுக்காளத்துல சாஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். பையன் அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்ததை எல்லாம் கொட்டிச் சிரிச்சான். சம்பந்தியம்மா எனக்குத் தண்ணி குடுத்துட்டு, ஜன்னல் பக்கம் பாத்து, போலீஸ்காரரே, உள்ளே வந்து நீங்களும் கேசரி சாப்பிடுங்கன்னாங்க.

உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னா நான் புளுகினவ ஆவேன். மறுநாள் காலையில பல் விளக்க டபுள் விசில்தான் குடுத்தேன். குளிக்கவும் அப்படித்தான். பிசியோ பொண்ணு கிட்ட நடந்ததைச் சொன்னப்போ, அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்னா. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, மண்டபத்துக்குள்ள விசிலுக்கு அனுமதி உண்டான்னு சம்பந்தி போன் பண்ணிக் கேட்டுக் கிண்டல் பண்றாரு.

ஆனா அந்த வாரக் கடைசியில எனக்கு ஒரு தைரியம் வந்து, பரண்லேர்ந்து குக்கரை இறக்கினேன். வாசக்கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, பருப்பை வெச்சுட்டு, கூடத்துல அவரு எதிர்லயே உக்காந்து அவரு காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். குக்கர் ஒண்ணு ஊதுச்சு. அவரு பேப்பரைப் பாத்துக்கிட்டு இருக்காரு. ரெண்டாவதும் ஊதுச்சு. நான் எழுந்திருக்கத் தயாரானேன். அவரு கால் அசையல. பேப்பரைக் கொஞ்சம் இறக்கிட்டு சமையல்கட்டுப் பக்கம் காதைக் குடுத்தாரு. மூணாவதும் வந்துச்சு.

"பருப்பு வெந்துச்சி. போய் நிறுத்து"ன்னாரு.